கதையின் மடியில் தருக்கம்: தமிழில் இலக்கியமும் மெய்யியலும் கூடியதும் பிரிந்ததும்

1. முன்னுரை

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் பயின்றபோது, மணிமேகலையும் நியாயப்பிரவேசம் என்னும் வடமொழிப் பௌத்த அளவை நூலும் ஒருங்கே எனக்குத் தேவைப்பட்டன. முன்னது இரண்டாம் மாடியில் திராவிட இலக்கியப் பிரிவில் இருந்தது; பின்னது நான்காம் மாடியில் இந்திய மெய்யியல் பிரிவில் இருந்தது. ஒரே பொருளை ஏறத்தாழ ஒரே வரிசையில் உரைக்கும் இரு நூல்களை ஒரு மேசைமேல் வைத்து ஒப்பிட, நாள்தோறும் படியேற வேண்டியிருந்தது. நூலகத்தாரைக் குறை கூறுவதற்கில்லை. நம் பல்கலைக்கழகங்களின் துறைப் பகுப்பும் அத்தகையதே. தமிழ்த்துறையினர் மணிமேகலையின் இறுதிக் காதைகளைக் கதைச்சுவை குன்றிய பகுதி எனக் கூறிக் கடந்து செல்வர். மெய்யியல் துறையினர் அந்நூல் காப்பியமாதலின் தம் எல்லைக்கு அப்பாற்பட்டது என விடுப்பர். இரு துறையினரும் கைவிட்ட இடத்தில் நிற்பது தமிழ் மெய்யியலின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று.

தமிழில் சில நூற்றாண்டுக் காலம் மெய்யியல் காப்பியத்திற்குள்ளேயே நிகழ்ந்தது என்பதும், கதை அதற்குப் புறத்தே பூசிய இனிப்பன்று என்பதும், 13ஆம் நூற்றாண்டளவில் இரண்டும் பிரிந்தன என்பதும், பிரிவுக்குப் பிந்திய கண்கொண்டு பிரிவுக்கு முந்திய நூல்களை நாம் படித்து வருகின்றோம் என்பதும் இக்கட்டுரையின் கருத்துக்கள். மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் ஆகிய மூன்றும் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

2. வஞ்சியில் ஒரு மாற்றுருவம்

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை முப்பது காதைகளால் ஆனது. அதன் காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டெனினும், கி.பி. 5 முதல் 7 வரையான நூற்றாண்டுகளுக்குள் அதனை வைப்போரே மிகுதி. 27ஆம் காதையாகிய ‘சமயக்கணக்கர் தந்திறங் கேட்ட காதை’யில், வஞ்சி மாநகரில் மணிமேகலை பதின்மரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கின்றாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி என்போர் அப்பதின்மர். அளவைகளை வியாதன் பத்தென்றும், கிருதகோடி எட்டென்றும், சைமினி ஆறென்றும் கொண்டனர் என்ற செய்தியுடன் அவ்வுரையாடல் தொடங்குகின்றது. இவ்வளவும் ஒரு மெய்யியல் கையேட்டுக்கு உரிய செய்திகளே.

ஆயின் இக்காதையின் வாயிலில் கையேடு எதிலும் காணவியலாத ஒரு நிகழ்ச்சி உள்ளது. முந்திய காதையில் கண்ணகிக் கடவுள் மணிமேகலைக்கு ஓர் அறிவுரை கூறுகின்றாள். இளையவளும் பெண்ணுமாகிய அவளுக்கு எவரும் தம் நூற்பொருளை எடுத்துரையார். ஆகவே வேற்றுருக் கொண்டு செல்க என்பது அது. மணிமேகலை தான் பெற்றிருந்த மந்திரத்தின் வலிமையால் மாதவன் வடிவம் கொள்கின்றாள். பதின்மரும் பேசியது அம்மாதவனிடம். அறிவு எவ்வழிகளால் பெறப்படும் என்னும் அளவையியல் வினாவுக்கு முன்பே, அறிவு எவருக்கு வழங்கப்படும் என்னும் வினாவைக் காப்பியம் எழுப்பிவிடுகின்றது. அளவைகளைப் பத்தென எண்ணிய நூல்களில் இவ்வினாவுக்கு இடமில்லை. கதைமாந்தர் ஒருவர் அவ்விடத்திற்கு நடந்து சென்றமையாலேயே அது வெளிப்பட்டது.

இறுதியில் வருபவன் பூதவாதி. தாதகிப்பூவும் கட்டியும் பிறவும் சேர மதுவின் களிப்புப் பிறப்பதுபோல், பூதங்களின் கூட்டத்தால் உணர்வு பிறக்கின்றது என்பது அவன் கொள்கை. காட்சி ஒன்றே அளவை, கருதலை ஏற்பதற்கில்லை. பிறரிடம் வாதிடாது கேட்டு அகன்ற மணிமேகலை இவனிடம் மட்டும் நகைத்து வினவுகின்றாள். கருதலை விலக்கினால் உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை நீ எங்ஙனம் அறிந்தாய் என்பது அவ்வினா.

உலகாயதத்தை மறுக்கும் நூல்களுக்கு இத்தகைய தடை புதிதன்று. ஆயின் இங்கே அதனை எழுப்புபவள் யார் என்பது எண்ணத்தக்கது. அவள் கணிகையர் குடியிற் பிறந்த மாதவியின் மகள்; தந்தை கோவலன் மதுரையில் கொலையுண்டவன். வஞ்சிக்கு வந்தவுடன் அவள் முதற்கண் சென்றது, தந்தையின் மனைவியாகிய கண்ணகியின் கோட்டத்திற்கு. தந்தையை அறிதல் என்பது அவளுக்குப் பள்ளியிற் பயின்ற எடுத்துக்காட்டு அன்று. அவள் வாழ்வின் கேள்வி. மெய்யியல் நூலில் எவர் வாயிலும் வரக்கூடிய ஒரு தடை, காப்பியத்தில் ஒருத்தியின் வாயில் மட்டுமே முழுப்பொருள் பெறுகின்றது.

3. அடுக்களைப் புகை

29ஆம் காதையில் காஞ்சி நகரில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவையைக் கற்பிக்கின்றார். காட்சியும் கருத்தளவும் என அளவை இரண்டே. பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்து உறுப்புக்களுள் முதல் மூன்றனுள்ளேயே பின்னிரண்டும் அடங்கும். பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து எனப் போலிகள் வகுக்கப்படுகின்றன. இவ்வெண்ணிக்கையும் வரிசையும் நியாயப்பிரவேசத்துடன் ஒத்திருத்தல் அறிஞர் பலரால் எடுத்துக்காட்டப்பட்டதே. 1928இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் சா. கிருஷ்ணசாமி ஐயங்கார் இவ்வொற்றுமையை விரிவாக ஆராய்ந்தார். எது எதற்கு முந்தியது என்னும் அவ்வழக்கு, காலக் கணிப்புக்கு இன்றியமையாததாயினும், வேறொரு வினாவை நெடுங்காலம் மறைத்துவிட்டது. இப்பகுதி இக்கதையில் இவ்விடத்தில் ஏன் நிற்கின்றது என்பதே அவ்வினா.

மலையில் நெருப்பு உண்டு, புகை உடைமையால், அடுக்களை போல் என்பது அளவையியலின் பழகிய எடுத்துக்காட்டு. வடமொழி நூல்கள் மடைப்பள்ளியைக் குறிக்கத் தமக்குரிய சொல்லை ஆள, சாத்தனார் ‘அடுக்களை’ என்னும் வீட்டுச் சொல்லை ஆள்கின்றார். காஞ்சிக்கு மணிமேகலை வந்தது அங்கு நிலவிய வற்கடத்தால். உண்ண உணவின்றி வாடிய மக்களுக்கு அமுதசுரபியால் உணவு அளித்த பின்னரே அவள் அறவணர்முன் அமர்ந்து தருக்கம் கேட்கின்றாள். அடுப்பெரியாத நகரில் அடுக்களைப் புகை எடுத்துக்காட்டாகின்றது. சாத்தனார் இதனை எண்ணியே அமைத்தார் என நிறுவுதற்குச் சான்றில்லை. எனினும் 28ஆம் காதையைக் கேட்டு 29ஆம் காதைக்கு வரும் ஒருவர், பசியையும் அடுக்களையையும் சேர்த்து நினையாதிருத்தல் அரிது. எடுத்துக்காட்டு பொதுவானது, அது நிற்கும் இடம் கதையால் அமைந்தது.

இப்பகுதியின் சொல்லாட்சியும் நோக்கத்தக்கது. பக்கம், ஏது, திட்டாந்தம், அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என வடசொற்கள் தமிழ் ஒலிக்கேற்பத் திரிந்து வருகின்றன. ‘போலி’, ‘கருத்தளவு’ போன்ற தமிழ்ச் சொற்கள் இடையிடையே நிற்பினும், கருவிச் சொற்கள் பெரும்பாலும் கடனே. தருக்கம் தேயந்தோறும் பொதுவான ஒரு தொழிற்கலை எனக் கருதிய புலவர் அதன் கருவிகளைப் பெயருடனே வாங்கிக் கொண்டார் எனலாம். அடுத்த காதையில் நிலைமை முற்றிலும் மாறுகின்றது.

4. மகனை இழந்தவளிடம் சொன்ன பன்னிரண்டு

பௌத்தத்தின் நடுநாடியாகிய சார்பிற்றோற்றக் கோட்பாட்டின் பன்னிரு நிதானங்களைச் சாத்தனார் பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என நிரல்படுத்துகின்றார். பவம் என்னும் ஒன்று நீங்கலாக, அருவுரு என்பதன் ‘உரு’வைக் கடனென எண்ணினாலும் இரண்டு நீங்கலாக, ஏனையவை அவர் காலத் தமிழர் அன்றாடம் வழங்கிய சொற்களே. இவை அகராதி நோக்கி ஆக்கிய மொழிபெயர்ப்புக்கள் அல்ல. வேட்கை என்பது தொல்காப்பியக் களவியலில் காதலர்தம் நிலைகளை எண்ணும்போது முதலில் நிற்பது. பேதைமை என்பது திருக்குறளில் தனி அதிகாரம் பெற்றது. ஊறு என்பது ஐம்புலன்களை எண்ணுமிடத்துக் குறளிலும் தொடுவுணர்வைக் குறிப்பது; தீங்கு என்னும் பொருளும் அதற்கு உண்டு. இச்சொற்களுக்கு மெய்யியற் பொருள் ஏற்றப்படுமுன்பே இலக்கியத்தில் நீண்ட வாழ்வு இருந்தது. ‘வேட்கை’ எனக் கேட்ட தமிழர் செவியில் களவொழுக்கத்தின் ஆற்றாமை ஒலித்திருக்கும்.

காப்பியம் அச்சொல்லைத் தயார்செய்தே தருகின்றது. உதயகுமரனை முதன்முறை கண்டபின் தன் நெஞ்சம் அவன்பால் சென்றதை மணிமேகலையே சுதமதியிடம் ஒப்புக்கொள்கின்றாள். முற்பிறப்பில் அவன் இராகுலன் என்னும் கணவனாகவும் அவள் இலக்குமி என்னும் மனைவியாகவும் இருந்தமை பின்னர்த் தெரிகின்றது. அவ்வேட்கையின் தொடர்ச்சியாக, காயசண்டிகையின் உருவில் நின்ற அவளைத் தொடர்ந்து சென்ற உதயகுமரன், காஞ்சனன் என்னும் விஞ்சையன் வாளால் இறக்கின்றான். வேட்கை, பற்று, பவம், தோற்றம் என்னும் வரிசை அறவணர் கூறுமுன்பே கதையில் நிகழ்ந்துவிட்டது.

பன்னிரு நிதானங்களும் 30ஆம் காதையில் முதன்முறையாக வருவன அல்ல. 24ஆம் காதையிலேயே அறவணர் அவற்றை எண்ணிக் கூறிவிடுகின்றார். அங்கு அவர் விளித்துப் பேசுவது மணிமேகலையை அன்று, இராசமாதேவியை. அவள் சோழன் தேவி. உதயகுமரனைப் பெற்ற தாய். மகனை இழந்த வெகுளியால் மணிமேகலையைச் சிறைவிடுவித்துத் தன்பால் இருத்தி, பித்தேற்றவும் பழிசுமத்தவும் பட்டினியிடவும் முயன்று தோற்றவள் அவளே. அத்தகையவளை நோக்கி, பிறந்தோர் மூத்தலும் பிணியுறுதலும் இறத்தலும் இயல்பென உரைத்து, அதன் காரணமாகவே பன்னிரண்டையும் அடிகள் நிரல்படக் கூறுகின்றார்.

இச்செய்தி இக்கட்டுரையின் அச்சாணி. தமிழ்க் காப்பியத்தில் சார்பிற்றோற்றம் முதலில் ஒரு பாடமாக வரவில்லை. ‘என் மகன் ஏன் இறந்தான்’ என்னும் வாய்விட்டுக் கேளாத வினாவுக்கு விடையாக வருகின்றது. பின்னர்க் காஞ்சியில் அதே பட்டியல், துறவு பூண்ட ஒருத்திக்கு இலக்கணத்துடன் விரிக்கப்படுகின்றது. முன்னதைக் கேளாமல் பின்னதை மட்டும் படிப்போர் அதனைப் பிற்சேர்க்கை எனக் கருதுதல் வியப்பன்று. பவுலா ரிச்மன் 1988இல் கிளைக்கதைகளைப் பௌத்தச் சொல்வன்மையின் கருவிகளாக ஆராய்ந்தார். ஆன் மோனியஸ் 2001இல் இக்காப்பியத்தைத் தமிழ்ப் பௌத்தச் சமூகத்தின் இலக்கியப் பண்பாட்டினுள் வைத்துக் கண்டார். இரு நூல்களும் கதையையும் கோட்பாட்டையும் சேர்த்துப் படிக்க வழிகாட்டியவை. சொற்களின் வரலாற்றையும் அவ்வாய்விற்குள் கொணர்தல் வேண்டும் என்பதே ஈண்டு நான் சேர்க்க விழைவது.

5. எதிரியின் ஏட்டில் எஞ்சியவை

குண்டலகேசி நாதகுத்தனார் இயற்றிய பௌத்தக் காப்பியம். தன்னைக் கொல்லத் துணிந்த கள்வனாகிய கணவனை மலையுச்சியிலிருந்து தள்ளிவிட்டுத் துறவு பூண்டு, நாவற்கிளை நட்டு வாதுக்கு அழைத்து, பின்பு பௌத்தம் சார்ந்த ஒருத்தியின் கதை அது. நூல் மறைந்தது, தனித்துக் கிடைப்பவை 19 செய்யுள் அளவே. அதன் வாதங்களைப் பற்றி நாம் அறிவனவற்றுட் பெரும்பகுதி அதனை மறுக்க எழுந்த சமண நூலாகிய நீலகேசியாலும், அதற்கு வாமன முனிவர் வகுத்த சமயதிவாகரம் என்னும் உரையாலும் கிடைத்தது. இவ்வுரையுடன் கூடிய நூலை அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்தார்.

நீலகேசி பத்துச் சருக்கம் உடையது. தருமவுரைக்குப் பின், குண்டலகேசி, அருக்கசந்திரன், மொக்கலன், புத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் என ஒவ்வொருவருடனும் வாதங்கள் அடுக்கப்படுகின்றன. காப்பியத்தலைவி பழையனூர் நீலி; முனிச்சந்திர முனிவரை அச்சுறுத்தச் சென்று அவரிடமே அறம் கேட்ட பேய். மக்கள் வழக்கில் அஞ்சத்தக்கவளாக நின்ற நீலியை ஒரு சமணப் புலவர் தருக்கம் வல்லவளாக்கினார். மணிமேகலை, குண்டலகேசி, நீலகேசி என வாதம் நிகழ்த்தும் மூன்று பெண்டிரைக் காப்பியத்தலைவியராகத் தமிழ் பெற்றிருந்தமை மெய்யியல் வரலாற்றார் பலர் கண்ணிற்படாத செய்தி.

இங்கே இழப்பும் காப்பும் ஒன்றாகவே நிகழ்ந்துள்ளன. மறுக்கும் கதைக்கு மறுக்கப்படுபவரும் ஒரு மாந்தராக வேண்டும்; அவர் பேசவும் வேண்டும். ஆதலின் எதிர்க்கொள்கை அழிக்கப்படுகையிலேயே காக்கப்பட்டது. ஆசீவகர்தம் சொந்த நூல்கள் அனைத்தும் மறைந்த நிலையில், ஏ. எல். பாஷம் 1951இல் அவர்தம் வரலாற்றையும் கொள்கையையும் மீட்டெழுதியபோது, மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் ஆகிய மூன்று தமிழ் நூல்களும் அவருக்கு இன்றியமையாச் சான்றுகளாயின. ஆசீவகர் மூவர்க்கும் மாற்றார். ஓரவையில் தோற்கும்பொருட்டு அழைக்கப்பட்டதால் அவர் குரல் எஞ்சியது. அக்குரல் மாற்றார் வகுத்த அளவிலேயே எஞ்சியது என்பதையும் ஆய்வாளர் மறத்தலாகாது.

6. பிரிந்த வழிகள்

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தைப் பாடினார். அதில் சமயப்போர் உண்டு. ஆயின் மதுரையில் ஞானசம்பந்தர் சமணரை வென்றது அனல்வாதத்தாலும் புனல்வாதத்தாலும். ஏடு தீயில் வேகாதிருந்ததும் வைகையில் எதிரேறிச் சென்றதும் வெற்றியை முடிவுசெய்தன. போதிமங்கையில் சம்பந்தசரணாலயருக்கும் சாரிபுத்தனுக்கும் இடையே நிகழும் சொல்வாதம் இதற்கு விலக்கு. அங்கே உண்மையான தருக்கம் நடைபெறுகின்றது. பொதுவாக நோக்கின், கதையில் போட்டி எஞ்சி நிற்க, முடிவு செய்யும் உரிமை அற்புதத்திற்குச் சென்றுவிட்டது.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இயற்றினார். அதன் பரபக்கம் உலகாயதர் முதலாகப் பாஞ்சராத்திரிகள் ஈறாகப் பதினான்கு கொள்கைகளை முதலில் எடுத்துரைத்துப் பின் மறுக்கின்றது. செய்யுள் விருத்தமே, உவமைகளும் உயிருள்ளவை. ஆயின் வாதிப்பவனுக்குப் பெயரில்லை, ஊரில்லை, இழந்த மகனில்லை. மதம், மறுதலை என்னும் இரு தலைப்புக்கள் மாந்தரின் இடத்தைக் கொண்டன. இதனால் மெய்யியல் நுட்பம் பெற்றது என்பது மறுக்கவியலாதது. பௌத்தத்தை நான்கு பிரிவாகப் பகுத்து ஒவ்வொன்றையும் தனித்து நோக்கும் கூர்மை மணிமேகலையின் பதின்மர் உரையாடலில் இல்லை. இழந்தது யாது எனின், கொள்கை ஒருவர் வாழ்வில் என் செய்கின்றது எனக் காட்டும் இடத்தையே.

இவ்வாறு கதை ஒருபுறமும் தருக்கம் ஒருபுறமும் வளர்ந்தன. அடியார் வரலாறு கேட்போர் கோயில் மண்டபத்திலும், சாத்திரம் பயில்வோர் மடத்திலும் அமர்ந்தனர். பிற்காலத் துறைப் பகுப்பு இப்பிரிவைப் புதிதாக ஆக்கவில்லை. முன்பே இருந்ததற்குக் கட்டடம் எழுப்பியது.

7. முடிவுரை

1898இல் உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தபோது அந்நூலுக்குப் பழைய உரை எதுவும் கிடைக்கவில்லை. பௌத்தக் குறியீட்டுச் சொற்களுக்குப் பொருள் கூறவல்லார் தமிழ்ப் புலவருள் இல்லை. கும்பகோணத்தில் ரங்காசாரியர் ஆங்கில நூல்களைப் படித்து எடுத்துரைக்க, ஐயர் அதனைக் கேட்டுத் தெளிந்தார். புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் என்பவற்றையும் எழுதிப் பதிப்புடன் சேர்த்தார். தமிழில் ஒருகாலத்தில் ஓர் அரசமாதேவியின் துயருக்கு விடையாகச் சொல்லப்பட்ட சொற்களின் பொருள், ஆங்கிலத்தின் வழியாகவே தமிழுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பின்னர் ந. மு. வேங்கடசாமி நாட்டாரும், இறுதிக் காதைகளுக்கு ஔவை சு. துரைசாமிப் பிள்ளையும் வகுத்த உரையே அப்பகுதியைப் பொதுப் படிப்பாளர்க்குத் திறந்துவிட்டது.

அயல்நாடுகளில் தமிழ் கற்பிக்கும் நமக்கு இவ்வரலாறு நேரடியாகப் பொருந்துவது. தமிழருக்கு இலக்கியம் உண்டு, மெய்யியல் வடமொழிக்குரியது என்னும் கூற்றை அயல்நாட்டு வகுப்பறைகளில் நான் பலமுறை கேட்டதுண்டு. அதற்கு எதிராகப் பெருமை பேசுதல் பயன் தராது. நியாயப்பிரவேசத்துடனான ஒற்றுமையை மறைத்தலும் நேர்மையன்று. செய்யத்தக்கவை இரண்டு. மணிமேகலையின் 24ஆம் காதையையும் 30ஆம் காதையையும் ஒரே வகுப்பில் ஒருசேரக் கற்பித்தல் ஒன்று. இலக்கிய வழக்கிலிருந்து மெய்யியற் குறியீடாக மாறிய தமிழ்ச் சொற்களுக்கு, சங்க நூல்கள் தொடங்கிச் சித்தாந்த சாத்திரங்கள் ஈறாக, வரலாற்று முறையில் ஒரு சொற்கோவை ஆக்குதல் மற்றொன்று. முன்னதற்குப் பொருட்செலவு இல்லை. பின்னது பல நாட்டு அறிஞர் கூடிச் செய்யவேண்டிய பணி.

நான் பயின்ற நூலகத்தில் அவ்விரு நூல்களும் இன்றும் வெவ்வேறு மாடிகளில்தான் இருக்கக்கூடும். அவற்றை ஒரு மேசைக்குக் கொணர்தல் மாணவர்தம் பணியாக எஞ்சியுள்ளது. அம்மேசையில் மூன்றாவதாக இருக்கவேண்டியது, அடிகள் முன் அமர்ந்து பன்னிரண்டையும் கேட்ட அந்தத் தாயைப் பற்றிய நினைவு.